கதவில் எடை எழுதிய ஸ்போர்ட்ஸ் கார்

ஷெட்டுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் போட்டோவுக்கு முன்னால் ஒரு தடவையாவது நின்றுவிடுகிறீர்கள். சிவப்பு நிறத்தில், கூரை இல்லாமல், தரையோடு தரையாகத் தாழ்ந்து நிற்கிற இரண்டு சீட்டுக் கார். பார்க்க அப்படி ஒரு அழகு. ஆனால் அதன் கதவில், லாரியின் பக்கப் பலகையில் எழுதுவோமே, அதே மாதிரி வெள்ளை எழுத்தில் 'காலி எடை' என்று போட்டு கிலோ எழுதியிருக்கும். என் மகள் டிசைன் படித்துவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று அதைப் பார்த்துச் சிரித்தாள். "ஸ்போர்ட்ஸ் காருக்கு யாராவது எடை எழுதுவாங்களாப்பா?" என்று கேட்டாள்.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் வாயால் சொன்னால் ஆளுக்கு ஒரு மாதிரி மாற்றிச் சொல்லிக்கொள்கிறீர்கள். ஒருவர் அது சினிமாவுக்குச் செய்த கார் என்கிறார். இன்னொருவர் அது ஓடவே இல்லை என்கிறார். அது ஓடியது. நான்தான் ஓட்டினேன். அதனால் என் பிள்ளைகளுக்கும், அவர்களைப் போலவே நான் நினைக்கிற உங்களுக்கும் இதை எழுதி வைக்கிறேன்.

அன்றைக்கு இந்த ஷெட் கிடையாது. ராஜபாளையத்தில் ஒரு ஷெட். நான் அதில் ஃபோர்மேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு ஷெட். இரண்டும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிறவை. பஸ் ஏறினால் ஊரிலிருந்து ஊருக்குப் போவது கொஞ்ச நேரம்தான், ஆனாலும் ஒரு ஷெட்டு ஆள் இன்னொரு ஷெட்டு வாசலில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டான். நாங்கள் பஞ்சு மூட்டை ஏற்றும் லாரிகளுக்குக் கட்டிப் பழகியவர்கள். எங்கள் பாடி மலை மாதிரி நிற்கும். அவர்கள் தகடு தட்டுவதில் கெட்டிக்காரர்கள். அவர்கள் வளைத்த தகட்டில் கையை ஓட்டினால் எங்கே மடித்தார்கள் என்று தெரியாது. எங்கள் லாரியை அவர்கள் நெல் போட்டு வைக்கும் பத்தாயம் என்பார்கள். அவர்கள் பஸ்ஸை நாங்கள் பால்கோவா டப்பா என்போம், பார்க்க அழகாக இருக்கும், அமுக்கினால் நசுங்கிவிடும் என்று.

எண்பதுகளின் கடைசியில் இரண்டு ஷெட்டுக்கும் வேலை குறைந்துபோனது. வெளியூரிலிருந்த பெரிய ஷெட்டுகள் எல்லா வண்டியையும் ஒரே மாதிரி கட்டிச் சீக்கிரமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தன. ஆட்கள் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் மில் முதலாளி ஒருவருடைய மகன் ஒரு ஆசையோடு வந்தார். சின்னவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். அவரிடம் விபத்தில் நொறுங்கிய ஒரு சின்னக் கார் இருந்தது. பாடி போய்விட்டது, இன்ஜினும் பிரேக்கும் நன்றாக இருந்தன. அவற்றை வைத்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்ட வேண்டும் என்றார். அடிச்சட்டமும் இன்ஜின் வேலையும் எங்கள் ஷெட். மேல்பாடி ஸ்ரீவில்லிபுத்தூர் ஷெட்.

இரண்டு ஷெட் முதலாளிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, முடியாது என்றார்கள். சின்னவர் கோபப்படவில்லை. கார் நல்லபடியாக வந்தால் மில் ஆட்களை ஏற்றிவரும் பஸ்களுக்கெல்லாம் பாடி கட்டும் வேலை இந்த இரண்டு ஷெட்டுக்கும்தான், இல்லாவிட்டால் அது வெளியூருக்குப் போய்விடும் என்று மட்டும் சொன்னார். இரண்டு முதலாளிகளும் தலையை ஆட்டிவிட்டார்கள்.

சேதி காட்டுத்தீ மாதிரி பரவியது. பம்பாயிலோ மெட்ராஸிலோ அல்ல, நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கார். அதுவும் இந்த இரண்டு ஷெட்டும் சேர்ந்து. டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. கார் எவ்வளவு வேகம் போகும் என்பதுகூட அங்கே பேச்சு இல்லை. எந்த ஊர்ப் பாதி முதலில் கழன்று விழும் என்பதுதான். அதற்குப் பந்தயமும் கட்டினார்கள். அடுத்த சண்டை சீட்டைப் பற்றி. ஒரு வண்டியைக் கட்டினவன் அதன் முதல் ஓட்டத்தில் உள்ளே உட்கார வேண்டும் என்பது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். தன் வேலையை நம்புகிறான் என்று வாங்குகிறவருக்குக் காட்டத்தான் அது. இந்தக் காரில் சீட்டு இரண்டு. ஒன்றில் சின்னவர் ஓட்டுவார். மிச்சம் ஒன்றில் எந்த ஊர்க்காரன்? கடைசியில், எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கு வரை நான், அங்கே கார் நின்று, நான் இறங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் ஷெட் மேஸ்திரி ஏறுவது என்று முடிவானது.

அந்த மேஸ்திரி என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் குத்தும். முதல் நாள் நான் வணக்கம் சொன்னதற்கு, "பத்தாயம் செய்யுறவிய நீங்கதானா?" என்று கேட்டவர்.

டீக்கடைப் பந்தயம் எங்கள் கைக்குள் எப்படிப் புகுந்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கார் குருவி மாதிரி லேசாக இருக்க வேண்டும், இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சின்னவர் கணக்குச் சொல்லியிருந்தார். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். ஒரு நாள் எங்கள் முதலாளி டீக்கடையிலிருந்து நேராக என்னிடம் வந்தார். "ஏலே சீனி, நம்ம பாதி வளைஞ்சுதுன்னு ஒரு பய சொல்லக் கூடாது. அடியில இன்னொரு சேனல் வச்சிரு" என்றார். இரும்புச் சட்டம்தானே, வைத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. கனம் கூடக்கூட எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பஞ்சு லாரி கட்டின கை அது.

இரண்டு பாதியையும் மில் கேரேஜில் வைத்துச் சேர்த்தோம். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஒரு துளைகூடத் தப்பவில்லை. சுத்தியலே எடுக்கவில்லை. மேஸ்திரி போல்ட்டைக் கைவிரலாலேயே சுற்றி இறக்கி எனக்குக் காட்டினார். மில் காம்பவுண்டுக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். நன்றாக ஓடியது.

வெள்ளோட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று வைத்தார்கள். காலையிலிருந்தே ரோட்டோரம் ஆள் சேர ஆரம்பித்துவிட்டது. மதுரையிலிருந்து சின்னவருடைய விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். கூமாப்பட்டியிலிருந்து விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி பெண்டாட்டி பிள்ளைகளோடு கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு வந்து மில் கேட்டுக்கு எதிரே மரத்தடியில் இடம் பிடித்திருந்தார்.

எங்கள் லாரிகளுக்கெல்லாம் எழுத்து எழுதுகிற பெயின்டர் யேசுவடியான் சர்ச் முடிந்து அப்படியே வந்தார். காரின் மூக்கில் இரண்டு ஷெட்டின் பெயரையும் எழுதினார். எந்தப் பெயர் மேலே என்று சண்டை வரக் கூடாதென்று பக்கம் பக்கமாக எழுதினார். பிறகு கதவுப் பக்கம் வந்து, பிரஷ்ஷை வெள்ளையில் முக்கிக்கொண்டு, நிமிராமலே கேட்டார்.

"எடை எம்புட்டுன்னு எழுத?"

எல்லோரும் சிரித்தோம். கைப்பழக்கத்தில் கேட்டுவிட்டார் பாவம். லாரியானால் கட்டி முடித்ததும் எடைமேடையில் ஏற்றி, காலி எடையைப் பக்கத்தில் எழுதித்தான் ஷெட்டை விட்டு அனுப்புவோம். இது கார்தானே, எழுத வேண்டாம் என்றேன். அவர் பிரஷ்ஷைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எம்புட்டு? யாருக்குத் தெரியும்? மேஸ்திரி பாதியை நான் தூக்கிப் பார்க்கவில்லை. என் பாதியை அவர் தூக்கிப் பார்க்கவில்லை.

மேஸ்திரியைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த காம்பவுண்டில் பஞ்சு லாரிகளுக்கான எடைமேடை இருந்தது. கூட்டத்தின் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போனோம். தள்ளும்போதே கனம் கையில் தெரிந்தது. எடை போடுகிறவர் எடைக்கோலில் குண்டை நகர்த்தினார், இன்னும் நகர்த்தினார், பிறகு எரிச்சலோடு எட்டிப் பார்த்து, "உள்ள இருக்கவன இறங்கச் சொல்லுங்கப்பா" என்றார். உள்ளே யாரும் இல்லை. சின்னவர் சொன்ன எடையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது.

"உங்க பாடிதான்" என்றேன் நான்.

"உங்க பத்தாயம்தான்" என்றார் அவர்.

அதற்கு மேல் சண்டை போட நேரமில்லை. எனக்குப் பிரேக்தான் நினைவுக்கு வந்தது. அது நொறுங்கிய சின்னக் காரிலிருந்து எடுத்த பிரேக். சின்னக் காரின் எடைக்கானது. பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் நீளமான ஒரு காலி இடம் இருந்தது. நான் ஓட்ட, மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்சம் வேகம் எடுத்து, ஒரு வேப்பமரத்தைக் குறி வைத்து, அங்கே நிற்க வேண்டுமென்று பிரேக்கை மிதித்தேன். வேப்பமரம் எங்களைக் கடந்து போய்விட்டது. சுவருக்குக் கொஞ்சம் முன்னால்தான் நின்றோம். அதுவும் நாங்கள் போனது சாதாரண வேகம். சாயங்காலம் சின்னவர் போகப்போவது அதைப் போல இரண்டு பங்கு. ரோட்டின் இரண்டு பக்கமும் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஜனம்.

எங்கள் முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர், மெதுவாக ஓட்டச் சொன்னால் போதாதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் யோசித்துப் பார்த்தேன். சின்னவர் நல்லவர், சொன்னால் கேட்டுக்கொள்வார். ஆனால் இரண்டு ஊர் சேர்ந்து கத்தும்போது எவன் காலும் மெதுவாக மிதிக்காது. அது கெட்ட குணம் இல்லை, மனுச குணம். அதை நம்பி ஜனத்தை நிறுத்த முடியாது என்றேன். முதலாளி ரோட்டைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "சரி, போய்ச் சொல்லு. ஆனா கனம் போட்டது அவியதான்னு சொல்லிரு. பஸ் வேலையாவது நமக்கு மிஞ்சும்."

சின்னவர் புதுச் சட்டை போட்டு, விருந்தாளிகளோடு நின்றுகொண்டிருந்தார். நானும் மேஸ்திரியும் சேர்ந்து போனோம். கார் இன்னைக்குப் போகக் கூடாது என்றேன். எடையையும் வேப்பமரத்தையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. ஆனால் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"யார் கனம் போட்டது?" என்றார்.

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். நான் அவர் பெயரைச் சொல்லப் போகிறேன் என்று நினைத்திருக்கிறார். எங்கள் ஷெட்டில் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆட்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்குள் வந்து போனது. ஒரு வார்த்தைதான். சொன்னால் பஸ்ஸெல்லாம் எங்களுக்கு. ஆனால் என் கையால் வைத்த சேனல் எனக்குத் தெரியாதா?

"நானும் போட்டிருக்கேன் அய்யா. அண்ணாச்சியும் போட்டிருப்பாவ. எது எம்புட்டுன்னு பிரிச்சாத்தான் தெரியும்" என்றேன்.

சின்னவர் மேஸ்திரியைப் பார்த்தார். அதிகம் பேசாத அந்த மனிதர் அன்றைக்குப் பேசினார்.

"எங்க வீட்ல ஆடிப்பூரத் தேருக்குக் கட்டை போடுறவிய நாங்க. தேர இழுக்க ஊரே வரும். நிப்பாட்ட முட்டுக்கட்டையோட நாலு பேருதான் நிப்போம். கனம் எம்புட்டுன்னு இழுக்கவனுக்குத் தெரியாது, கட்டை போடுறவனுக்குத்தான் தெரியும். இந்தக் காருக்கு இன்னைக்குக் கட்டை போட ஆளில்ல அய்யா."

சின்னவர் ரோட்டோரம் நின்ற ஜனத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு விருந்தாளிகளிடம் போய் என்னவோ சொன்னார். எங்களிடம் திரும்பி, பிரித்துச் சரி செய்யுங்கள், பஸ் வேலையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன் என்றார். கூட்டத்துக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். அதுதான் பெரிய தண்டனை.

மில் கேட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று சொன்னேன். சிரித்தார்கள், விசில் அடித்தார்கள். காருக்கு இன்னும் பல் முளைக்கவில்லையா என்று ஒருவன் கேட்டான். இரண்டு ஊர்க்காரனும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கூமாப்பட்டி சம்சாரி மட்டும் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டே, "வந்ததுக்குச் சோத்தத் தின்னுட்டுப் போறோம். நிப்பாட்டுனது நல்லதுதான். எப்ப வருதுன்னு சொல்லி விடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்கப்புறம் பல வாரம் அதற்கு 'வராத காரு' என்றே பெயர். சந்தைக்குப் போன என் மனைவியிடம்கூடக் கேட்டார்கள். அந்த வருஷம் ஆடிப்பூரத் தேர் சுற்றி வந்து நிலை சேர்ந்ததும், "தேரே வந்துருச்சு, இவிய காரு வரலியே" என்று மேஸ்திரியின் காதுபடச் சொன்னார்களாம்.

கேரேஜில் நாங்கள் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். அடுத்தவர் கனத்தை யாரும் கை காட்டக் கூடாது. அவரவர் போட்டதை அவரவரே, அடுத்தவர் கண்ணெதிரே கழற்ற வேண்டும். முதலில் மேஸ்திரிதான் படுத்துக்கொண்டு உள்ளே கையை விட்டு, தன் நீளத்துக்கு ஒரு இரும்பு ஆங்கிளை உருவி என் காலடியில் போட்டார். உங்கள் சட்டம் வளைந்துவிட்டால் தாங்குவதற்கு என்று போட்டேன் என்றார். நான் அடியிலிருந்து இரண்டு சேனலைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். உங்கள் பாடி நசுங்கினால் தாங்குவதற்கு என்றேன். இன்னொரு தகடு வந்தது. இன்னொரு சட்டம் வந்தது. தரையில் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. அவர் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

"அப்ப இது இம்புட்டு நாளா உங்களையும் என்னையும்தான் சுமந்துக்கிட்டுக் கெடந்திருக்கு" என்றார்.

அதன் பிறகு ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டோம். அவர் தகட்டை எப்படி வளைக்கிறார் என்று எனக்குக் காட்டினார். சட்டத்தை எங்கே துளைத்தால் கனம் குறையும், பலம் குறையாது என்று நான் அவருக்குக் காட்டினேன். இருக்கிற பிரேக்கையும் நம்பாமல் பெரிய காரின் பிரேக் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினோம். வேப்பமரத்தடியில் ஒரு செங்கலை வைத்து, செங்கலுக்கு முன்னால் நிற்கும்வரை ஓட்டி ஓட்டிப் பார்த்தோம். எடைமேடையில் மறுபடி ஏற்றியபோது எடை போடுகிறவர் உள்ளே யார் என்று கேட்கவில்லை. யேசுவடியானைக் கூப்பிட்டு, இப்போது எழுதுங்கள் என்றேன். அவர் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதினார்.

சின்னவர் அதைப் பார்த்தபோது அழிக்கச் சொல்வார் என்றே எண்ணினோம். ஸ்போர்ட்ஸ் கார் கதவில் லாரி எழுத்து. அவர் குனிந்து படித்தார். விரலால் தொட வந்து, ஈரம் என்று நிறுத்திக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார். பிறகு, மில் பஸ் ஒவ்வொன்றிலும் இதே மாதிரி எழுதிவிட்டுத்தான் தன்னிடம் கொண்டுவர வேண்டும் என்றும், இரண்டு ஷெட்டும் தனித்தனியாகக் கட்டாமல் ஒரே இடத்தில் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். நீங்கள் இன்றைக்கு வேலை செய்கிற இந்த ஷெட் இரண்டு ஊருக்கும் நடுவில், ரோட்டோரத்தில் ஏன் இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா?

மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை யாருக்கும் தமுக்கு அடிக்கவில்லை. ஆனாலும் ஊர் வந்துவிட்டது. கூமாப்பட்டிக்குச் சொல்லி விட்டிருந்தேன். அதே மரத்தடியில் அவர்களும் இருந்தார்கள். சின்னவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார் கிளம்பியது. பிள்ளைகளா, அந்த வேகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. காற்றில் கண் திறக்க முடியவில்லை. மம்சாபுரம் விலக்கில் அவர் பிரேக்கை மிதித்தார். நிற்க வேண்டிய இடத்தில், கோடு போட்ட மாதிரி நின்றது. மேஸ்திரி வெள்ளை வேட்டி சட்டையில், நான் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

நான் கதவைத் திறக்கப் போனேன். சின்னவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தான் இறங்கினார். சாவி வண்டியிலேயே இருந்தது.

"கட்டினவங்க ரெண்டு பேரு. சீட்டும் ரெண்டுதானே" என்றார்.

நான் ஸ்டியரிங் பக்கம் நகர்ந்தேன். மேஸ்திரி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளம்பினோம். அவர் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டார். தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்து, பெரிதாகிக்கொண்டே வந்தது. ஊர் எல்லையில் ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். எல்லோரும் கத்தினார்கள். வேகம், வேகம் என்றுதான் கத்தினார்கள். என் காலும் மனுசக் கால்தானே, அது அமுங்கப் பார்த்தது.

அப்போது மேஸ்திரி என் முழங்கையைத் தொட்டார்.

"சீனி, செத்த மெதுவாப் போங்க. எங்க ஊருக்காரன் இத நல்லாப் பாக்கணும்."

பிரேக்கில் கால் வைத்தேன். கார் சொன்ன பேச்சைக் கேட்டது. அவர் முன்பலகையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை வெளியே நீட்டி, எடை எழுதிய கதவின் மேல் வைத்துக்கொண்டார். வேகமாகப் போவதற்கென்றே கட்டின அந்தக் காரில் நாங்கள் இரண்டு பேரும், தேர் வருகிற வேகத்தில், அந்த ஊருக்குள் போனோம்.